முகத்தில் இல்லாத கோடு

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கோ வத்தலக்குண்டுக்கோ பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் ஊருக்கொரு பள்ளிக்கூடச் சுவர் கண்ணில் படும். சுவரில் காந்தி இருப்பார். பெரும்பாலும் சுமாரான காந்திதான். ஒரு காது பெரிதாக, இன்னொன்று சிறிதாக இருக்கும், கைத்தடி கோணியிருக்கும், போன வருஷ மழையில் தோளோடு சேர்ந்து பாதிச் சுண்ணாம்பு உரிந்திருக்கும். ஆனாலும் பேருந்து அந்தச் சுவரைக் கடக்கிற நொடிக்குள் அது காந்தி என்று தெரிந்துவிடுகிறது. யாரும் யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. வழுக்கைத் தலைக்கு ஒரு வளைவு, கண்ணாடிக்கு இரண்டு வட்டம், மீசைக்கு ஒரு பட்டை, பொக்கை வாய்க்கு உள்வாங்கிய ஒரு கீற்று. அவ்வளவுதான் செலவு. 2014-இல் வந்த தூய்மை இந்தியா சின்னம் இதைவிடச் சிக்கனம் பிடித்தது: முகத்தையே எடுத்துவிட்டுக் கண்ணாடியை மட்டும் வைத்தது. கிராமத்துக் கழிப்பறைக் கதவுவரை போய்விட்ட அந்தக் கண்ணாடியைப் பார்த்து, இது யாருடையது என்று எவரும் கேட்பதில்லை.

இதில் ஒரு வினோதம் உண்டு. உயிருள்ள எந்த முகத்திலும் கோடு கிடையாது. மூக்கின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். சதை வளைந்து திரும்புகிறது, அங்கே கறுப்பாக எதுவும் ஓடவில்லை. கன்னத்துக்கும் காற்றுக்கும் நடுவே யாரும் வேலி போடவில்லை. பொருள்களின் ஓரத்தில் நாம் இழுக்கும் கோட்டுக்கு இயற்கையில் இருப்பே இல்லை என்று லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். முகத்திலிருந்து கண்ணுக்கு வருவது நிறமும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கமும்தான். அவ்வளவையும் தூக்கிப் போட்டுவிட்டு, முகத்தில் இல்லவே இல்லாத ஒன்றை மட்டும் தாளில் வைக்கிறோம். அப்படியும் ஆள் வந்து நிற்கிறார். நியாயப்படி வரக்கூடாது.

ஏன் வருகிறார் என்பதற்கு விடையின் ஒரு பகுதி கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் 12 கோடிக்கு மேல். அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் உள்ள இழைகளோ 10 லட்சத்துச் சொச்சம். நூறு செல்கள் சொல்வதை ஓர் இழை சுமக்க வேண்டும். எல்லாவற்றையும் அனுப்ப வழியில்லாததால் எதை அனுப்புவது, எதை விடுவது என்று விழித்திரையே தீர்மானித்துவிடுகிறது. அதன் முறை எளிது. ஒவ்வொரு செல்லும் அக்கம்பக்கத்துச் செல்களை அடக்கப் பார்க்கும். ஒரே சீராக வெளிச்சம் விழும் இடத்தில் எல்லாரும் எல்லாரையும் அடக்கி, மொத்தத்தில் பெரிதாகச் சத்தம் எழாது. வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற இடத்தில்தான் ஆர்ப்பாட்டம். ஹார்ட்லைன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைக் குதிரைலாட நண்டின் கண்ணில் அளந்து காட்டி, 1967-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பூனையின் விழித்திரையிலும் இதேபோன்ற ஏற்பாடு இருப்பதை ஸ்டீபன் குஃப்லர் 1953-லேயே எழுதியிருந்தார். ஆகவே கன்னத்தின் பரப்பைப் பற்றி விழித்திரைக்கு அக்கறை குறைவு. கன்னம் எங்கே முடிந்து பின்சுவர் எங்கே தொடங்குகிறது என்பதுதான் அதற்குச் செய்தி.

அந்தச் செய்தி மூளைக்குள் போனபின் என்ன ஆகிறது என்பதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1958-இல் குஃப்லரின் ஆய்வுக்கூடத்தில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு இளைஞர்கள், மயக்கத்தில் இருந்த பூனையின் பார்வை மூளையில் ஒற்றைச் செல்லுக்குப் பக்கத்தில் மின்முனையைச் செருகி வைத்திருந்தார்கள். கண்ணாடிச் சில்லில் ஒரு கறுப்புப் புள்ளியை ஒட்டி அதன் நிழலைத் திரையில் காட்டிப் பார்த்தார்கள். செல் மசியவில்லை. மணிக்கணக்காக இந்தப் புள்ளி, அந்தப் புள்ளி என்று மாற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு சில்லை உள்ளே தள்ளிய கணத்தில், செல்லின் துடிப்பைக் கேட்க வைத்திருந்த ஒலிபெருக்கி படபடவென்று வெடித்தது. புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சில்லின் கண்ணாடி விளிம்பு திரையில் ஒரு மங்கலான கோடாக விழுந்து நகர்ந்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குத்தான் செல் துடித்தது. அதுவும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்தால் மட்டும். நிமிர்ந்த கோட்டுக்கு ஒரு கூட்டம், படுத்த கோட்டுக்கு ஒரு கூட்டம், சாய்ந்ததற்கு இன்னொன்று என்று மூளையின் முதன்மைப் பார்வைப் பகுதி இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. 1981-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

‘அப்படியானால் மூளையே கோட்டோவியம்தான் போடுகிறது, ஓவியர் அதைக் காப்பியடிக்கிறார்’ என்று இந்த இடத்தில் முடித்துவிடுகிற கட்டுரைகள் நிறைய. எனக்கு அதில் திருப்தி இல்லை. விளிம்பு வேறு, கோடு வேறு. விளிம்பு என்றால் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. வெறும் ஒரு படி. கோடு என்றால் இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் கறுப்பு. கன்னத்தின் ஓரமும் பேனாக் கோடும் ஒளியளவில் ஒன்றல்ல. ஆனால் இந்த மூளைச் செல்களில் பல, விளிம்பா கோடா, எந்தப் பக்கம் கறுப்பு என்பதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. இந்தச் சாய்வில் ஏதோ ஒரு மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கின்றன. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். சாவி பூட்டைப் போலவே இருக்கவேண்டிய அவசியமில்லை. உள்ளே உள்ள நெம்புகோல்கள் எந்த இடத்தில் தூக்கப்பட வேண்டுமோ அந்த இடங்களில் பல் சரியாக விழுந்திருந்தால் போதும், மாங்காய்ப் பூட்டு திறந்துவிடும். கோடு முகத்தின் படமாக இல்லாமலே முகத்துக்கான செல்களைத் திறக்கிறது.

இந்தத் திறப்பு பழக்கத்தால் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா? உளவியல் ஆய்வாளர்களான ஜூலியன் ஹோக்பெர்க்கும் வர்ஜீனியா புரூக்ஸும் இதைத் தங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். தங்கள் குழந்தையைப் பத்தொன்பது மாதம்வரை படம் பார்க்க விடாமல் வளர்த்தார்கள். படம் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுக்கவே இல்லை. பொம்மைகளையும் சாமான்களையும் கையில் கொடுத்தே பேச்சுக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு கோட்டோவியங்களை நீட்டியபோது குழந்தை தடங்கலின்றிப் பெயர் சொன்னது. 1962-இல் வெளியான ஆய்வு இது. நம் வீட்டில் பாட்டிகள் இருக்கும்வரை இப்படியொரு சோதனைக்கு வாய்ப்பே இல்லை. கோட்டை வாசிக்க யாரும் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை என்பது மட்டும் இதிலிருந்து நிச்சயமாகிறது.

ஆனால் எல்லா விளிம்பையும் கோடாக்கிவிட முடியாது. இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். சித்திரை மாதம் உச்சி வெயிலில், திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை கொதித்துக்கொண்டிருக்கிற நேரத்தில், வெட்டவெளியில் ஒருவரை நிறுத்திப் போட்டோ எடுங்கள். புருவத்துக்குக் கீழே கண் இரண்டும் குழியாகக் கறுத்திருக்கும். மூக்கின் நிழல் மேலுதட்டில் ஒரு முக்கோணமாக விழும். தாடையின் நிழல் கழுத்தை இரண்டாக வெட்டும். போட்டோவாகப் பார்க்கையில் இது நமக்கு உறுத்தாது, வெயில் என்று கண் தள்ளுபடி செய்துவிடும். அதே போட்டோவின் மேல் டிரேசிங் தாளை வைத்து எல்லா ஓரங்களையும் பென்சிலால் எடுத்துப் பாருங்கள். உதட்டுக்கு மேலே முக்கோணமாக ஏதோ ஒட்டியிருக்கும். கழுத்தில் பட்டை கட்டியது போலிருக்கும். நிழலின் ஓரத்தைக் கோடாகப் போட்ட மறு நிமிடம் அது நிழலாக இல்லாமல் ஒரு பொருளாகிவிடுகிறது. நல்ல ஓவியர் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்த ஓரங்களை விட்டுவிடுவார். சதை திரும்புகிற இடம், ஒன்றை ஒன்று மறைக்கிற இடம், மடிப்பு விழுகிற இடம் ஆகியவற்றை மட்டும் பிடித்துக்கொள்வார்.

நிழலைத் தள்ளுபடி செய்யும் அந்தத் திறமைகூட நமக்கு இனாமாக வந்ததில்லை போலிருக்கிறது. எம்.ஐ.டி.யில் பணியாற்றும் பவன் சின்ஹா, இந்தியாவில் பார்வையின்றி வளரும் பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை கிடைக்கச் செய்து, அதன்பின் அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று ஆராயும் ‘பிரகாஷ்’ திட்டத்தை நடத்திவருகிறார். அவரும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வெகு தாமதமாகப் பார்வை பெற்ற மூவர், ஒரே பொருளின் வெளிச்சமான பக்கத்தையும் இருண்ட பக்கத்தையும் தனித்தனிப் பொருள்களாக எண்ணினார்கள். பொருள் அசைந்தபோதுதான் அவர்களுக்கு எது எதனோடு சேர்ந்தது என்று புரிந்தது. மாதங்கள் போன பிறகு, அசையாத படத்திலும் பிரித்தறியும் திறன் மெல்ல வந்தது.

டிரேசிங் தாள் விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிழலை ஒதுக்கி, சரியான ஓரங்களை மட்டும் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் எடுத்தாலும் ஜாடை வருவதில்லை. 1978-இல் பிரிட்டனில் டேவிஸ், எல்லிஸ், ஷெப்பர்ட் மூவரும் பிரபலங்களின் போட்டோக்களிலிருந்து இப்படி நகலெடுத்த கோட்டுப் படங்களைக் காட்டியபோது, போட்டோவில் பத்துக்கு ஒன்பதைச் சரியாகச் சொன்னவர்கள் கோட்டுப் படத்தில் பாதியைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. அளவில் துல்லியம், ஆளில் பூஜ்யம். ‘எளிய கோட்டின் வலிமை’ என்று பொத்தாம்பொதுவாகப் புகழ்கிறவர்கள் இந்த முடிவைப் பார்த்திருந்தால் சற்று நிதானித்திருப்பார்கள். கோட்டுக்குத் தானாக எந்த மந்திரமும் கிடையாது.

குறை எங்கே என்று சில ஆண்டுகளில் தெரிந்தது, அதுவும் வேறொரு வேலையின் நடுவே. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பியர்சனும் ராபின்சனும், காது கேளாதவர்கள் சைகை மொழியில் பேசிக்கொள்ளும்படி சாதாரணத் தொலைபேசிக் கம்பியிலேயே படம் அனுப்ப முடியுமா என்று முயன்றார்கள். அன்றைய கம்பியில் முழுப் படம் போகாது. கோட்டுப் படம் போகும். வெறும் ஓரங்களை அனுப்பினால் முகம் எலும்புக்கூடாக வந்தது. ஓரங்களோடு, ஓர் அளவுக்குக் கீழே இருண்ட பகுதிகளை, அதாவது தலைமுடி, புருவம், கண்மணி ஆகியவற்றை அப்படியே கறுப்பாக நிரப்பி அனுப்பினால் ஆள் தெரிந்தார். 1985-இல் வெளியான இதைப் பின்னர் உளவியலாளர் விக்கி புரூஸ் குழு சோதித்து உறுதி செய்தது. 2003-இல் சின்ஹா குழு இன்னொன்றைச் சேர்த்தது: பிரபலங்களின் போட்டோவில் கண்களை அழித்தால் அடையாளம் காண்பது எவ்வளவு சிரமமோ, புருவங்களை அழித்தால் அதைவிடச் சிரமம்.

சுவரில் படம் போடுகிற பெயின்டருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. தேர்தல் காலத்தில் அவர்கள் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். வெள்ளையடித்த சுவரில் கட்டம் போட்டு, கையிலிருக்கும் சிறு போட்டோவின் கட்டங்களைப் பார்த்துப் பார்த்து சாக்பீஸால் அவுட்லைன் இழுப்பார்கள். அந்த நிலையில் சுவரில் இருப்பவர் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். கட்சிக்காரரே பக்கத்தில் வந்து சந்தேகமாகப் பார்ப்பார். பெயின்டர் அலட்டிக்கொள்ளமாட்டார். பட்டைப் பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்து முடியை நிரப்பி, பிறகு சின்ன பிரஷ்ஷால் புருவத்தை ஒரே இழுப்பில் வைப்பார். புருவத்தின் உள்முனை கொஞ்சம் தடித்து, வெளிமுனை மெலிந்து தேயும். அந்த இரண்டு இழுப்பில் சுவரிலிருந்து தலைவர் எட்டிப் பார்த்துவிடுவார். கட்டமும் சாக்பீஸும் அதுவரை வேலை செய்தது இடம் பிடித்து வைக்கத்தான். பிளக்ஸ் வந்தபிறகு இந்தக் காட்சி அருகிவிட்டது. பிளக்ஸில் தோலின் ஒவ்வொரு துளையும் தெரிகிறது, ஜாடை என்று தனியாக ரசிக்க எதுவும் இருப்பதில்லை.

புருவம் முக்கியம், சரி. ஆனால் காந்திக்குப் புருவமா முக்கியம்? அவரிடம் நமக்கு முதலில் தெரிவது மண்டையும் காதும் கண்ணாடியும் உள்ளே போன வாயும். காமராஜர் என்றால் அகன்ற முகமும் தடித்த உதடும். ஆளுக்கு ஆள் முக்கியமான கோடு மாறுகிறது. எந்த விதிப்படி மாறுகிறது என்பதை 1982-இல் எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த சூசன் பிரென்னன் கணினியில் பிடித்தார். பல முகங்களின் கோட்டுப் படங்களைச் சேர்த்து ஒரு சராசரி முகம் செய்துகொண்டார். பிறகு ஒருவரின் முகத்தை அதன்மேல் வைத்து, எந்தெந்தப் புள்ளி சராசரியிலிருந்து விலகியிருக்கிறதோ அதை விலகிய திசையிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளினார். மூக்கு சராசரியைவிடச் சற்று நீளமென்றால் அது இன்னும் நீளும். சராசரி அளவென்றால் அப்படியே கிடக்கும். வந்தது கேலிச்சித்திரம். உளவியலாளர் கில்லியன் ரோட்ஸ் 1987-இல் பிரென்னனோடு சேர்ந்து இந்தப் படங்களை, அந்த ஆட்களைத் தெரிந்தவர்களிடமே காட்டினார். மிகைப்படுத்திய கோட்டுப் படத்தை, மிகைப்படுத்தாத கோட்டுப் படத்தைவிட ஏறக்குறையப் பாதி நேரத்தில் அடையாளம் சொன்னார்கள். பொய்யான படம் உண்மையான படத்தைவிட வேகமாக உண்மையைச் சொன்னது. போட்டோக்களில் இதே வித்தையைச் செய்தபோது அவ்வளவு லாபமில்லை. நிறமும் தோலும் நிழலும் போய், எல்லாச் சுமையும் கோட்டின்மேல் விழும்போதுதான் மிகை தேவைப்படுகிறது.

பிரென்னனின் கணினிக்கு முன்பே திண்டுக்கல் ஊர் இதைச் செய்துவிட்டது. 1957-இல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் பிரியாணிக் கடை வைத்தவர் நாகசாமி நாயுடு. எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். ஊர் அவருடைய பெயரையும் கடையின் பெயரையும் ஓரமாக வைத்துவிட்டு, எந்த ஒன்றில் அவர் மற்றவர்களிலிருந்து விலகினாரோ அதை மட்டும் எடுத்துக்கொண்டது. தலப்பாக்கட்டி என்பது ஒரே கோட்டில் போட்ட உருவப்படம்.

பத்திரிகைக்காரர்களில் இதில் முன்னோடி என்று நான் சொல்வது ஆனந்த விகடனில் வரைந்த மாலியை. சங்கீத வித்வான்களை அவர் வரைந்த விதம் அலாதி. வித்வானின் மூக்கு, காது என்று அங்க அளவோடு நிற்காமல், பாடும்போது எந்தப் பக்கம் வாய் கோணுகிறது, தாளம் போடும் கை எவ்வளவு உயரம் போகிறது என்பதையும் விலகலாக எடுத்துக்கொண்டார். பிரென்னனின் கணினிக்கு அது தெரியாது. அதனிடம் இருந்தது அசையாத முகங்களின் சராசரி மட்டும்.

தமிழ்நாட்டில் பிறந்து சான் டியேகோவில் பணியாற்றும் நரம்பியலாளர் வி.எஸ்.ராமச்சந்திரன், இந்த மிகைதான் கலையின் அடிவேரே என்று வில்லியம் ஹிர்ஸ்டைனுடன் சேர்ந்து 1999-இல் ஒரு கட்டுரை எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். சதுரத்தையும் நீள்சதுரத்தையும் பிரித்தறியப் பழக்கிய எலி, பழக்கிய நீள்சதுரத்தைவிட இன்னும் நீண்டதைப் பார்த்தால் அதிக உற்சாகத்தோடு ஓடும். தாயின் மஞ்சள் அலகில் உள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தும் கடற்காக்கைக் குஞ்சு, பட்டை போட்ட சிவப்புக் குச்சியை இன்னும் ஆவேசமாகக் கொத்தும். சோழர்காலப் பார்வதி வெண்கலச் சிலையின் வளைவும் கேலிச்சித்திரக்காரர் போட்ட அமெரிக்க அதிபர் நிக்ஸனின் மூக்கும் இதே விதியில் வருகின்றன என்பது அவர் வாதம். எனக்குப் பாதி சம்மதம். ஜாடையை விளக்க இந்த விதி போதும். மாலியின் படத்தைப் பார்த்துச் சிரிப்பு வருவதையும், வேறொருவர் போட்ட அதே மூக்கைப் பார்த்துக் கோபம் வருவதையும் எலியை வைத்து விளக்க முடியாது.

அந்தச் சிரிப்பும் கோபமும் வேறொரு வழியாக வருகின்றன. ஜெனீவாவில் வாழ்ந்த ரோடால்ஃப் டாப்ஃபெர் 1845-இல் ஒரு சிறு நூலில் இதை விளையாட்டாகக் காட்டினார்: முகம் என்று எதைக் கிறுக்கினாலும், அது எவ்வளவு மோசமாக இருந்தாலும், அதற்கு ஒரு குணம் வந்துவிடும், சும்மா இருக்கிற முகத்தை உங்களால் வரையவே முடியாது. வாய்க்கோட்டின் முனையை நூலளவு ஏற்றினால் ஏளனம், இறக்கினால் அலுப்பு. புருவத்தின் உள்முனை மேலே போனால் கவலை, கீழே வந்தால் சினம். முகத்தசைகள் இழுக்கும் திசைகளை நாம் பிறந்ததிலிருந்து வாசித்துப் பழகியிருக்கிறோம். கோட்டில் வேறு எதுவும் இல்லாததால் அந்த நூலளவு மாற்றம் ஊரறியத் தெரிகிறது. போட்டோவில் என்றால் தோலின் நிறத்திலும் வெளிச்சத்திலும் அது கரைந்திருக்கும்.

கலை பற்றிக் காந்தியிடமே கேள்வி கேட்ட ஒருவர் திண்டுக்கல் பக்கத்தில் வந்து குடியேறினார். சாந்திநிகேதன் மாணவராக இருந்த ஜி.ராமச்சந்திரன் 1924-இல், இருபது வயதில், டெல்லியில் காந்தியைச் சந்தித்து அழகு, கலை, உண்மை என்று துருவித் துருவிக் கேட்டார். காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாய் எழுதிவைத்த அந்த உரையாடல் காந்தியின் இதழான ‘யங் இந்தியா’வில் வெளிவந்தது. தன் அறைச் சுவர் வெறுமையாக இருந்தாலும் போதும், மேலே வானத்து நட்சத்திரம் தெரிந்தால் சரி என்ற தொனியில் காந்தி பதில் சொல்லியிருப்பார். அதே ராமச்சந்திரனும் அவர் துணைவி டாக்டர் சௌந்திரமும் 1947-இல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். வெறும் சுவரே போதும் என்றவரை எத்தனை சுவரில் வரைந்துவிட்டோம்!

ராமச்சந்திரன் படித்த அதே சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்த நந்தலால் போஸ் 1930-இல், தண்டி யாத்திரையின்போது, லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட காந்திதான் இன்றைக்கும் நடக்கும் காந்திகளுக்கெல்லாம் மூலம். தகட்டில் செதுக்கிய இடம் மை ஏறாமல் வெள்ளையாக நிற்கும். ஆகவே கறுப்புத் தளத்தில் வெள்ளைக் கோடுகளாக அவர் கோலூன்றி நடக்கிறார். இது அறிவியலுக்கு ஒரு நல்ல கேள்வி. முன்பெல்லாம் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தால் கூடவே நெகட்டிவ் தருவார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சொந்த அண்ணனையே அடையாளம் தெரியாது. வெளிச்சமும் இருட்டும் இடம் மாறினால் மூளையின் முகவாசிப்பு தடுமாறும். ஆனால் நந்தலாலின் காந்தி தலைகீழ் நிறத்தில் இருந்தும் யாருக்கும் தடுமாற்றம் இல்லை. எந்தப் பக்கம் கறுப்பு என்று பார்க்காத அந்தச் செல்கள் இங்கே உதவுகின்றன: கோட்டில் நிழலே இல்லாதபோது நிறம் மாறினால் கெடுவதற்கும் எதுவுமில்லை. போதாதற்கு, இது முகத்தை மட்டும் நம்பிய படமல்ல. முன்னே சாய்ந்த உடம்பு, எடுத்து வைத்த கால், ஊன்றிய கோல் மூன்றும் சேர்ந்து வேகத்தைச் சொல்கின்றன. முகத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள், அப்போதும் அவர்தான்.

ஆதிமூலத்தின் காந்தி வேறு ஜாதி. திருச்சி மாவட்டம் கீரம்பூரில் 1938-இல் பிறந்து, சென்னைக் கலைக் கல்லூரியில் படித்த கே.எம்.ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியை மட்டுமே நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். சிக்கனமான கோடுகள் அல்ல அவை. பேனா ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வரும். கோடு கோட்டின்மேல் ஏறி நெரியும். சில இடத்தில் நூல்கண்டு அவிழ்ந்தது போலிருக்கும். சுற்றுக்கோடு இங்கே எல்லை காட்டவில்லை. கையின் வேகத்தைக் காட்டுகிறது. ஒரு கோட்டைப் பார்க்கும்போது அதை இழுத்த கையசைவையும் நாம் ஓரளவு உள்ளூர நடித்துப் பார்க்கிறோம் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. இன்னும் வாக்குவாதத்தில் இருக்கிற துறை அது. ஆனால் மெதுவாக இழுத்த கோட்டையும் விசிறியடித்த கோட்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை என்பதற்கு ஆய்வு வேண்டாம். பின்னாளில் ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஆதிமூலம் வரைந்தபோது, சிறுபத்திரிகைக்காரர்கள் மட்டும் பார்த்துவந்த அந்தக் கோடு பெட்டிக்கடைக்கு வந்தது.

கோடு உண்மையில் கையில் இருக்கிறதா என்பதே கேள்விதான். விகடன் ஓவியர் கோபுலு முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை முடங்கியபின் இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். உங்கள் கையெழுத்தை இடக்கையாலோ வாயில் பேனா கவ்வியோ போட்டுப் பாருங்கள். நடுங்கினாலும் அது உங்கள் கையெழுத்தின் சாயலிலேயே இருக்கும். மூளை வைத்திருப்பது விரல் தசைகளுக்கான கட்டளையை மட்டுமல்ல, கோட்டின் வடிவத்தையே.

இவ்வளவுக்கும் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு: போலீஸ் வெளியிடும் குற்றவாளியின் வரைபடம். காந்தியைக் காட்டிய அதே மாதிரிக் கோடுகள்தான். ஆனால் அதைப் பார்த்து ஆளைப் பிடிப்பது அபூர்வம். சாட்சி ஒருமுறைதான் பார்த்திருப்பார், அதுவும் பயத்தில். தெரியாத முகத்தை நாம் பெரும்பாலும் முடி, நெற்றி, வெளிவடிவம் என்று மேலோட்டமாகவே பதிகிறோம். பழகிய பிறகுதான் கண், மூக்கு, வாய் பகுதி உறுதிப்படுகிறது. சாட்சியின் நினைவில் விலகல்கள் பதிந்திருக்காது. பதியாததை ஓவியர் எப்படி மிகைப்படுத்துவார்? கடைசியில் வருவது கிட்டத்தட்டச் சராசரி முகம், பேருந்து நிலையத்தில் பத்துப் பேருக்குப் பொருந்துகிற முகம்.

இயந்திரங்களின் சங்கடம் இன்னொரு மாதிரி. 2019-இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் ஆய்வாளர்கள், பூனையின் உருவத்துக்கு யானைத் தோலைப் போர்த்திய படத்தைக் கணினிக்குக் காட்டினார்கள். லட்சக்கணக்கான போட்டோக்களில் பயின்ற அந்த நிரல் யானை என்றது. மனிதர்கள் பூனை என்றார்கள். தோலைப் பார்த்துப் பழகிய கணினிக்கு, தோலே இல்லாத கோட்டோவியம் கஷ்டம்தான். பத்தொன்பது மாதக் குழந்தை தாண்டிய வாசல் அது.

பழகிய முகத்தைத்தான் கோடு காட்டுகிறதா என்று பார்க்க, காந்திச் சுவருக்கு எதிர்ச்சுவரில் ஒரு சோதனை செய்யலாம். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா (1884–1925) பிறந்தது இதே சமவெளியில், வத்தலக்குண்டில். அதே பெயின்டர், அதே பிரஷ், அதே அக்கறையோடு அவரைப் போடட்டும். காந்திக்குக் கீழே யாரும் பெயர் எழுதுவதில்லை. சிவாவுக்கு எழுதாமல் விட்டால், தாடி வைத்த யாரோ பெரியவர் என்றுதான் பேருந்தில் போகிறவர்கள் நினைப்பார்கள். பாதிப்பேர் பெரியார் என்று அடித்துச் சொல்லக்கூடும்.